அக்காவின் ஸ்டென்ட்டும் திருவெள்ளறை அம்மாவின் ஆபரேஷனும்

என் அக்கா கணக்கு டீச்சர். ஓய்வுபெற்றுப் பல வருஷமாகியும் "டீச்சரா இருந்தேன்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "வருஷா வருஷம் ஒரு கிளாஸ் நிறையக் குழந்தைகள் கிடைச்சுது, இன்னும் என்ன வேணும்?" என்று வாயை அடைத்துவிடுவாள். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஓர் அடுக்ககத்தில் நானும் என் மனைவியும் மேல்தளத்தில் இருந்தோம், அக்கா கீழ்த்தளத்தில். தனிக் குடித்தனம் என்று பெயர். காலைக் காபி மட்டும் அவள் வீட்டில். மத்தியானம் லிஃப்ட் ஏறி வந்து, என் மனைவி சமைத்ததைச் சாப்பிட்டு, திருத்தம் சொல்லிவிட்டு இறங்கிப் போவாள்.

"குழம்புல புளி கொஞ்சம் தூக்கல். கறியமுது நன்னா இருக்கு, தேங்காயைக் கண்ணுல காமிச்சிருந்தா இன்னும் நன்னா இருக்கும்." இப்படிச் சொல்லிக்கொண்டே மறுபடியும் சாதம் வாங்குவாள். அதனால் என் மனைவி திருத்தங்களைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தாள்.

அப்படிப்பட்டவள் இரண்டு கவளத்தோடு தட்டைத் தள்ளிவைக்க ஆரம்பித்தபோது, என் மனைவிக்கு முதலில் வந்தது கவலை இல்லை, கோபம்தான்.

"உங்க அக்காவுக்கு என் சமையல் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லட்டும். இப்படி மீதி வச்சு அவமானப்படுத்த வேண்டாம்."

"பிடிக்கலைன்னு யார் சொன்னா? வயிறு ரொம்பிடுத்து, அவ்ளோதான்" என்றாள் அக்கா.

"ரெண்டு வாய்க்கா?"

மறுநாள் அக்கா வீம்புக்குத் தானே சமைத்தாள். அதையும் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட முடியவில்லை. என் மனைவி ஒரு நிமிஷம் ஜெயித்த முகத்தோடு என்னைப் பார்த்தாள். அடுத்த நிமிஷமே அந்த முகம் மாறிவிட்டது.

பிறகு வாந்தி வந்தது. சாப்பிட்டவுடன் வருவது என்றால் ஏதோ அஜீரணம் என்று நினைத்திருப்போம். அக்காவுக்கு வந்ததோ முந்தின நாள் சாப்பாடு. குளியலறையிலிருந்து வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, ஏதோ ஆராய்ச்சி முடிவைச் சொல்வதுபோல் சொன்னாள்: "நேத்திக்குப் பண்ணின கொத்தவரங்காய்டா. நறுக்கின அளவுகூட மாறலை. இத்தனை நேரம் உள்ள உக்காந்துண்டு என்ன பண்ணிண்டிருந்ததுன்னு தெரியலை."

அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி மன்னார்புரம் பக்கத்தில் இருக்கும் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர் ஓர் இளம்பெண். பார்த்து முடித்ததும் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். அக்கா பின்னாலேயே வந்துவிட்டாள்.

"அம்மா, நீங்க வெளியில கொஞ்சம் உட்காருங்க."

"என் வயிறு. இவன் மட்டும் தெரிஞ்சுண்டு என்ன பண்ணப் போறான்? நான் கணக்கு டீச்சர். ஒரு ஸ்டெப் விடாம சொல்லுங்கோ."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் சொன்னார்: வயிற்றின் கீழ்முனையில், சாப்பாடு குடலுக்கு இறங்கும் வாசலில், ஒரு கட்டி. வாசல் ஏறக்குறைய மூடிவிட்டது. உள்ளே போவது கீழே இறங்க வழியில்லாமல் வயிற்றிலேயே தேங்கி, நிறைந்ததும் மேலே வருகிறது. சதைத் துணுக்கு பரிசோதனைக்குப் போயிருக்கிறது. ஸ்கேனும் எடுக்க வேண்டும்.

ஸ்கேனும் பரிசோதனையும் வந்தபோது அது புற்றுநோய்தான் என்று ஆனது. ஈரலிலும் சில புள்ளிகள் இருந்தன. வெட்டி எடுத்துவிட்டால் தீர்ந்தது என்கிற கட்டத்தை அது தாண்டியிருந்தது. அக்கா கேட்டுக்கொண்டாள். வீட்டுக்குக் கிளம்பினோம். பாலத்தின் மேல் கார் நெரிசலில் நின்றபோது, "ஏகாதசிக்கு ஏகாதசி விரதம் இருக்கச் சொல்லி அம்மா தலையால அடிச்சுண்டா. நான் கேக்கலை. இப்போ எல்லாத்துக்கும் சேர்த்துப் பெருமாள் வசூல் பண்றார்" என்றாள். நான் சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் ஹாரன் அடித்தேன்.

மருத்துவமனையில் சேர்த்தோம். முதலில் தேங்கிக்கிடப்பதை வெளியே எடுக்க வேண்டும் என்று மூக்கு வழியாக ஒரு குழாயை வயிற்றுக்குள் விட்டார்கள். கையில் குளுக்கோஸ். வாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. இரண்டு பேர் தங்கும் பெண்கள் அறை அது. அடுத்த கட்டில் காலியாக இருந்தது. அன்று சாயங்காலமே அதற்கு ஆள் வந்தது.

திருவெள்ளறைக்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம், வெயிலில் வேலை செய்த கை, உரத்த குரல். நெல்லும் சோளமும் போடும் குடும்பம். மகளை எடமலைப்பட்டி புதூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மகள் வீட்டிலிருந்துதான் வந்திருந்தார். கூட வந்த கணவர் மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவர், அங்கிருந்த நாட்களில் மொத்தம் பத்து வாக்கியம் பேசியிருந்தால் அதிகம். அந்த அம்மாவின் மூக்கிலும் அதே குழாய். வியாதியும் அதேதான் என்பது நர்ஸ் வந்து பேசியதிலிருந்து தெரிந்தது.

அக்கா அவரைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம், அறை முழுக்கக் கேட்கும்படி, "கோவில் யானைக்கு ஜோடி கிடைச்சாச்சு" என்றாள்.

அந்த அம்மா குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தும்பிக்கை இருந்தென்னங்க, கரும்பு குடுக்க ஆளில்லையே!"

இப்படித்தான் அவர்கள் சிநேகமானார்கள்.

அடுத்த நாள் கேமரா டாக்டரும் வயதான ஒரு சர்ஜனும் சேர்ந்து வந்தார்கள். இரண்டு நோயாளிகளுக்கும் ஒரே விஷயம் என்பதால், ஆட்சேபம் இல்லை என்றால் ஒன்றாகவே விளக்கட்டுமா என்று கேட்டார்கள். "கம்பைன்ட் கிளாஸ்தானே, எடுங்கோ" என்றாள் அக்கா.

கேமரா டாக்டர் ஒரு தாளில் வயிறு வரைந்தார். வாய் வழியாகவே கேமராக் குழாயை விட்டு, அடைத்திருக்கும் இடத்துக்குள் ஒரு கம்பி வலைக் குழாயை வைத்துவிடலாம். ஸ்டென்ட். சுருங்கிப் போய், உள்ளே விரிந்துகொள்ளும். வயிற்றைக் கிழிக்க வேண்டாம். ஓரிரு நாளில் தண்ணியாகக் குடிக்க ஆரம்பிக்கலாம், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அது நிரந்தரமில்லை. கட்டி வலையின் கண்கள் வழியே வளர்ந்து மறுபடி அடைக்கலாம். நார் உள்ள சாப்பாடு சிக்கிக்கொள்ளலாம். அப்படி ஆனால் திரும்ப வர வேண்டியிருக்கும்.

சர்ஜன் அதே படத்தில் இன்னொரு கோடு போட்டார். அடைத்த வாசலை அப்படியே விட்டுவிட்டு, வயிற்றில் வேறொரு இடத்தில் திறந்து சிறுகுடலை நேராக அதில் தைத்துவிடலாம். சாப்பாடு புது வழியில் போகும். இது ஆபரேஷன். மயக்க மருந்து, வலி, சில நாள் கூடுதல் படுக்கை. வயிறு புது வழிக்குப் பழகக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும், உடனே சாப்பிட முடியாமலும் போகலாம். பழகிவிட்டால் ரொம்ப நாளைக்குத் தொந்தரவு இருக்காது.

"ரெண்டுமே நோயைக் குணப்படுத்துற வைத்தியம் இல்லைங்க" என்றார் சர்ஜன். "உங்களைச் சாப்பிட வைக்கிற வைத்தியம். சாப்பிட்டாத்தான் கீமோ தாங்கும், தெம்பு வரும்."

"எனக்கு அது போதும்" என்றாள் அக்கா. "அடைச்ச வாசலைத் திறங்கோன்னுதான் கேக்கறேன். சொர்க்க வாசலைத் திறங்கோன்னு கேக்கலை. அந்தப் படத்தைக் குடுங்கோ."

வாங்கிப் பார்த்தாள். கேமரா டாக்டரிடம், "படம் போட்டா பாகம் குறிக்கணும். எது வயிறு, எது குடல்னு எழுதவே இல்லையே?" என்றாள். டாக்டர் பேனாவை எடுத்துக் குறித்தே விட்டார். சர்ஜன் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

திருவெள்ளறை அம்மாவும் எட்டிப் பார்த்தார். "எங்க மோட்டார் பைப்புல வேர் புகுந்து அடைச்சிக்கிச்சுன்னா, அதை நோண்டிக்கிட்டே இருக்க மாட்டோம் டாக்டர். பக்கத்துல வேற பைப்பு இழுத்துடுவோம். எனக்கு ஆபரேசனே பண்ணிடுங்க."

"பைப்பு மாதிரி அவ்வளவு சுளுவா இல்லம்மா" என்றார் சர்ஜன். "வயிறு சண்டித்தனம் பண்ணும்."

"என் வயிறு நான் சொன்னா கேக்கும்."

படத்தையே பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு முகம் பிரகாசமானது. "உங்க ஊர்க்காராளுக்கு இது புதுசா என்ன? திருவெள்ளறைக் கோவில்ல உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல்னு ரெண்டு இருக்கோன்னோ? ஒண்ணு சாத்தியிருந்தா மத்தது வழியா போறேள். அதையேதான் இவர் வயித்துல கட்டித் தரேங்கறார்."

அந்த அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அப்போதிலிருந்து வருகிற நர்ஸ், துப்புரவுப் பெண், மகள், மருமகன் எல்லாரிடமும், "எனக்கு ரெண்டாவது வாசல் வைக்கப் போறாங்க" என்று அறிவித்தார்.

அவர் விஷயத்தில் டாக்டர்களுக்கும் குழப்பம் இல்லை. கட்டி பக்கத்து உறுப்புகளோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் எடுக்க முடியாது. ஆனால் தூரத்தில் எங்கும் பரவவில்லை, உடம்பு கட்டாக இருந்தது. அக்காவுக்கு இதய வால்வில் பழைய கோளாறு, ஈரலில் புள்ளிகள், எடையும் இறங்கிவிட்டது. ஆபரேஷன் முடியவே முடியாது என்று சர்ஜன் சொல்லவில்லை. ஆபத்து கூடுதல் என்றார். முடிவை எங்களிடம் விட்டார்.

எங்களிடம் விட்டதுதான் தப்பு. நான் ஸ்டென்ட் கட்சி. என் மனைவி ஆபரேஷன் கட்சி.

"பண்றதை ஒருதடவை உருப்படியா பண்ணிடலாம்" என்றாள் அவள், அக்காவின் கட்டிலுக்கு ஒரு பக்கம் நின்றுகொண்டு. "திரும்பத் திரும்ப வாய்க்குள்ள குழாயை விடறதுக்கு உங்க அக்கா என்ன கழிவுநீர்க் குழாயா?"

"இதயம் தாங்கலைன்னா?" என்றேன் நான், மறுபக்கம் நின்றுகொண்டு.

"நீங்க எப்பவும் பயந்தாங்கொள்ளி."

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறேளா?" என்றாள் அக்கா நடுவிலிருந்து. "நான் இன்னும் இருக்கேன். இங்கதான் படுத்துண்டிருக்கேன்."

கேமரா டாக்டரைத் திரும்ப வரவழைத்தாள். "ஸ்டென்ட் வச்சா நான் எப்போ மோர் குடிக்கலாம்?"

"எல்லாம் நல்லபடியா போனா, மறுநாள் கொஞ்சம் கொஞ்சமா."

"ஆபரேஷன்னா?"

"சொல்ல முடியாது டீச்சர். சிலருக்குச் சில நாள், சிலருக்கு அதுக்கு மேலயும் ஆகலாம்."

"எனக்கு ஈரல்லயும் இருக்கு. எவ்ளோ நாள்னு உங்களாலயும் சொல்ல முடியாது, கேக்கவும் மாட்டேன். ஆனா இருக்கற நாள்ல பாதியைப் படுக்கையில உக்காந்து காத்துண்டிருக்கறதுக்குச் செலவு பண்ண எனக்கு இஷ்டமில்லை. ஸ்டென்ட்டையே வையுங்கோ. அடைச்சுண்டா அப்போ பாத்துக்கலாம்."

என் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் மோரைத்தான் குடிக்கப் போறேன். பெருங்காயம் போடாதே." அத்தோடு ஆபரேஷன் கட்சி கலைந்தது.

ஸ்டென்ட் வைத்தார்கள். மயக்கம் தெளிந்து கட்டிலுக்கு வந்தபோது மூக்கில் குழாய் இல்லை. மறுநாள் காலையில் நர்ஸ் ஒரு சிறு கோப்பையில் தண்ணீர் கொடுத்தார். அக்கா அதைக் குடித்துவிட்டு, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சுக்கா?" என்றேன்.

"இறங்கறதுடா. உள்ள யாரோ கதவைத் திறந்து 'வாங்கோ'ன்னு கூப்பிட்ட மாதிரி இருக்கு."

மத்தியானம் மோர். அடுத்த நாள் வடிகட்டிய கஞ்சி. பக்கத்துக் கட்டிலில் ஆபரேஷனுக்குக் காத்திருந்த அம்மாவிடம் ஒவ்வொரு மடக்குக்கும் நேர்முக வர்ணனை நடந்தது. "இப்போ கஞ்சி தொண்டையைத் தாண்டியாச்சு. இப்போ வயித்துக்கு வந்தாச்சு. இதோ ஸ்டென்ட் ஸ்டேஷன்..."

"ரொம்ப அலட்டிக்காதீங்க டீச்சர்" என்றார் அவர். "வாசல் வச்சிட்டு வர்றேன். அப்புறம் பாருங்க, உங்களுக்கு முன்னாடி நான் முருங்கைக்காய் கடிக்கிறேன்."

அந்தச் சவாலோடுதான் அவர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஆனால் சர்ஜன் எச்சரித்ததுபோல் அவர் வயிறு, அவர் சொன்னதைக் கேட்கவில்லை. தையலில் குறையில்லை, வழியும் திறந்திருக்கிறது. வயிறுதான் வேலை செய்ய மறுத்தது. மூக்குக் குழாய் அப்படியே இருந்தது. எடுத்துப் பார்த்தார்கள். வாந்தி வந்தது. மறுபடி போட்டார்கள். அந்த உரத்த குரல் தேய்ந்துகொண்டே வந்தது. அவர் கணவர் ஸ்டூலை மூலையிலிருந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

அக்காவுக்கு வால்வுக் கோளாறுக்காகச் சில பரிசோதனைகள் பாக்கி இருந்ததால் அவளும் அதே அறையில்தான் இருந்தாள். அவள் வர்ணனையை நிறுத்திவிட்டாள். சாப்பாடு வந்தால் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இருந்த திரையை இழுத்து மூடச் சொன்னாள். ஸ்பூன் சத்தம் கேட்காமல் குடிக்கப் பழகினாள். எதற்கும் குரலைத் தாழ்த்தாதவள் கஞ்சியைக் குடிக்கும் நேரத்தில் குசுகுசுவென்று பேசினாள்.

ஒருநாள் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கம்மலான குரல் வந்தது. "திரையைத் திறங்க டீச்சர். இஞ்சி போட்ட மோர்தானே? திரை போட்டா வாசனை வராதா?"

அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். நான்தான் திரையை ஒதுக்கினேன்.

"நீங்க குடிங்க. நான் பாக்குறேன்" என்றார் அவர். "உள்ள இறங்குறதைச் சொல்லுங்க. நிறுத்திட்டீங்களே, ஏன்?"

அக்கா ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு சொன்னாள். "தொண்டையைத் தாண்டியாச்சு." இன்னொரு மடக்கு. "ஸ்டென்ட் ஸ்டேஷன். வண்டி நிக்காம போறது." அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாங்கள் அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகும் அவருக்கு அங்கேதான் வாசம். அக்கா தினமும் போன் பண்ணினாள். ஒருநாள் காலையில் அந்தப் பக்கமிருந்தே போன் வந்தது. காதிலிருந்து தள்ளிப் பிடித்துக் கேட்கும் அளவுக்குப் பழைய குரல். "டீச்சர்! இட்லி! பாதி இட்லி சாப்ட்டு ரெண்டு மணி நேரமாச்சு, உள்ளயே இருக்கு!" அக்கா போனை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, "சந்தோஷப்பட்டு ஏதாவது சொல்லு, எனக்குத் தொண்டை அடைக்கறது" என்றாள். எங்கள் வீட்டில் தொண்டை, அடைப்பு என்றெல்லாம் யாராவது சொன்னாலே என் மனைவி ஓடிவந்துவிடுவாள். அன்றும் போனை என் கையில் திணித்துவிட்டுத் தண்ணீர்ச் சொம்பு எடுக்க ஓடினாள்.

இரண்டு பேருக்கும் கீமோ ஒரே இடத்தில்தான். நாளும் ஒன்றாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மருந்து இறங்கும் நேரம் முழுக்க யார் என்ன சாப்பிட்டது என்பதுதான் பேச்சு. மாதங்கள் போகப் போக அந்தப் போட்டியில் அக்கா பின்தங்கினாள். அவள் சாப்பாடு எல்லாம் குழைவாக, மசித்ததாக, நாரில்லாததாக இருக்க வேண்டும். கீரைத்தண்டு, வாழைத்தண்டு, முருங்கைக்காய், ஆரஞ்சுச் சுளைத் தோல் எதுவும் கூடாது. திருவெள்ளறை அம்மாவோ கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றுக்கும் வந்துவிட்டார். அளவு மட்டும் குறைவு.

சித்திரையில் எங்களை ஊருக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கார் டோல்கேட்டைத் தாண்டி மண்ணச்சநல்லூர் வழியாகப் போகும்போதே அக்கா குஷியாகிவிட்டாள். கோவிலில் சேவித்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம். அக்காவுக்கென்று தனியாகக் குழைய வடித்த சாதம், மசித்த பருப்பு, பூசணிக்காயை வெண்ணெய்போல் வேகவைத்த கூட்டு. எங்கள் இலைகளில் முருங்கைக்காய் சாம்பார். அந்த அம்மா அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு முருங்கைக்காய்த் துண்டை எடுத்து, சத்தமாகக் கடித்து இழுத்தார்.

"சொன்னேனா இல்லையா?"

"ஜெயிச்சுட்டே. ஒத்துக்கறேன்" என்றாள் அக்கா. அக்காவின் "நீங்கோ" எப்போதோ "நீ" ஆகியிருந்தது. "ஒரே ஒரு துண்டு குடு. சாறை மட்டும் உறிஞ்சிட்டுத் துப்பிடறேன்."

என் மனைவி கண்ணை உருட்டினாள். நான் கூடாது என்றேன். அக்கா எங்கள் இருவரையும் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திவிடுவதுபோல் பார்த்தாள். துண்டு கை மாறியது. உறிஞ்சினாள். இன்னொன்று. துப்பவும் செய்தாள். எல்லாவற்றையும் துப்பினாளா என்பதுதான் கேள்வி.

இரண்டு மூன்று நாளில் பழைய வாந்தி வந்துவிட்டது. மன்னார்புரத்துக்கு ஓடினோம்.

"என்ன சாப்ட்டீங்க டீச்சர்?" என்றார் கேமரா டாக்டர்.

"சாறு."

"என்ன சாறு?"

"காய்கறிச் சாறு."

கேமராவை விட்டுப் பார்த்தவர் வலைக்குள் சிக்கியிருந்ததை இடுக்கியால் எடுத்து, சுத்தப்படுத்திவிட்டு வந்தார். அக்கா கண்விழித்ததும் ஒரு சிறு டப்பாவைக் காட்டினார். உள்ளே பச்சை நாரும் சதையும் பந்தாகச் சுருண்டிருந்தன.

"இது சாறா டீச்சர்?"

அக்கா மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் கெட்டியான சாறு" என்றாள் கடைசியில்.

டாக்டர் கோபமாக இருக்க முயன்று தோற்றுப்போனார். எதற்கும் வலைக்குள் கட்டி வளர்ந்திருக்கிறதா என்றும் பார்த்திருந்தார். கொஞ்சம் வளர்ந்திருந்தது, அப்போதைக்கு வழி இருந்தது.

சேதி தெரிந்து திருவெள்ளறையிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் அழுகை. "எங்க வீட்டுச் சாப்பாட்டாலயா டீச்சர்? நான்தானே குடுத்தேன்?"

"சீ, அழாதே" என்றாள் அக்கா கூசாமல். "உங்காத்துச் சாப்பாடெல்லாம் அன்னிக்கே ஜீரணமாயிடுத்து. இது என் தம்பி பொண்டாட்டி பண்ணின கீரை. நரம்பை எடுக்காமப் போட்டுட்டா."

பக்கத்தில் நின்ற என் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. கீரையை ஆய்ந்து, அரைத்து, வடிகட்டியும் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். அக்கா போனைப் பொத்திக்கொண்டு, "கொஞ்சம் பொறுத்துக்கோடி, பாவம் அழறா" என்றாள். என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு போனை வாங்கி, "ஆமா, என் தப்புதான். அவசரத்துல பாக்கலை" என்றாள். அன்று முழுக்க அக்காவிடம் பேசவில்லை. மறுநாள் காலையில் அக்கா தானே லிஃப்ட் ஏறி வந்து, டபரா செட்டில் காபியைக் கொண்டுவந்து அவள் எதிரில் வைத்த பிறகுதான் சமாதானம் ஆனது.

ஒருநாள் அக்காவிடம் கேட்டேன். "ஆபரேஷனே பண்ணிண்டிருக்கலாமோன்னு தோணறதா?"

யோசித்துத்தான் பதில் சொன்னாள். "அவளுக்கு ஆபரேஷன் சரி. எனக்கு இது சரி. ரெண்டு விடையும் ஒண்ணா இருந்தாத்தான் சரின்னு யார் சொன்னா? கேள்வியே வேறடா. அவ முருங்கைக்காய் கேட்டா, நான் மோர் கேட்டேன்."

மழைக்காலத்தில் கட்டி வலைக்குள் நன்றாகவே வளர்ந்துவிட்டது. பழைய ஸ்டென்ட்டுக்குள்ளேயே புது ஸ்டென்ட் ஒன்றை வைத்தார்கள். மறுபடி மோர், மறுபடி கஞ்சி. கார்த்திகை அப்பத்தைப் பாலில் குழைத்துத் தரச் சொல்லிச் சாப்பிட்டாள். மார்கழியில் கோவிலில் கூட்டம் நெருக்கித் தள்ளிய நாட்களில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஈரலில் இருந்த புள்ளிகள் பெருகின. ஈரல் சோர்ந்தது; பசியே போய்விட்டது. வழி திறந்துதான் இருந்தது, போவதற்குத்தான் ஒன்றும் இல்லை. மாசியில் ஒரு காலை, என் மனைவியின் மடியில் தலை வைத்தபடி அக்கா போய்விட்டாள்.

பதின்மூன்றாம் நாளுக்குத் திருவெள்ளறையிலிருந்து இருவரும் வந்தார்கள். அந்த அம்மா மெலிந்திருந்தார். ஆனால் கீமோ இன்னும் வேலை செய்வதாகவும், போன ஸ்கேனில் கட்டி அப்படியே இருந்ததாகவும் சொன்னார். இலையில் உட்கார்ந்து, வைத்ததையெல்லாம் நிதானமாக, மென்று சாப்பிட்டார். என் மனைவி பக்கத்திலேயே நின்று பரிமாறினாள். சாத்தமுது, அதாவது ரசம், ஊற்றியபோது, "அன்னிக்கு அடைச்சது உன் கீரை இல்லைன்னு எனக்குத் தெரியும்மா" என்று அவள் காதோடு சொன்னாராம். இதை என் மனைவி அப்புறம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் அவர்களைச் சத்திரம் பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். திருவெள்ளறை வழியாகப் போகும் துறையூர் பஸ் இன்னும் வரவில்லை. கணவர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார். அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

"டீச்சர் கடைசியா என்ன சாப்ட்டாங்க?"

"தயிர் சாதம். கரைச்சுக் குடுத்தோம். ரெண்டு ஸ்பூன்."

"பிடிச்சு சாப்ட்டாங்களா?"

"உப்பு போதலைன்னு சொன்னா."

"போட்டீங்களா?"

"போட்டேன்."

"அப்புறம்?"

"இன்னும் ஒரு ஸ்பூன் கேட்டா."

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். "கேட்டிருப்பாங்க, கேட்டிருப்பாங்க" என்றார். பஸ் வந்தது. ஜன்னலோர இடம் பிடித்து உட்கார்ந்தவர், வண்டி நகரும்போது தலையை நீட்டி, அடுத்த மாதம் ஸ்கேன் முடிந்ததும் போன் பண்ணுவதாகக் கத்திச் சொன்னார்.